மங்கூ மசிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கரீபியத் தீவுகளின் காலை உணவுகளைப் பற்றி எழுதியபோது, டொமினிக்கன் குடியரசின் மங்கூவுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்க முடிந்தது. பச்சை வாழைக்காயை வேகவைத்து, வெந்த நீரும் வெண்ணெயும் சேர்த்து மசித்து, வினிகரில் வதக்கிய வெங்காயத்தை மேலே பரப்பிச் சாப்பிடும் உணவு அது. அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களைப் பார்த்தபோது, நம் வாசகர்களில் பலர் அதை உடனே அடுப்பில் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள் என்பது புரிந்தது. ஆகவே இந்த இதழ் முழுவதையும் மங்கூவுக்கே தருகிறேன்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு டொமினிக்கன் அம்மா எங்களைக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்து மங்கூ பரிமாறினார். அவ்வளவு மிருதுவாக இருந்தது. ஊர் திரும்பியதும் நானே செய்ய ஆசைப்பட்டு, ஏத்தங்காயை (நேந்திரங்காயை) குக்கரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டு மிக்ஸியில் அரைத்தேன். முதலில் பசை போல இழுத்தது. பத்து நிமிடத்தில் தட்டிலேயே கட்டியாக இறுகிவிட்டது. எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்களும் இருக்கின்றன. ஒன்று மிக்ஸி, மற்றொன்று நீரை வடித்துக் கொட்டியது.

வெந்த வாழைக்காயின் சதைக்குள் மாவுச்சத்து சின்னஞ்சிறு அறைகளில் நீரைக் குடித்துப் பருத்து நிற்கிறது. முள்கரண்டியாலோ மத்தாலோ மசிக்கும்போது அந்த அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர, பெரும்பாலும் உடைவதில்லை. மிக்ஸியின் பிளேடோ அவற்றைக் கிழித்து, உள்ளிருக்கும் கஞ்சியை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அதுதான் உங்களுக்குப் பசையாக இழுத்தது. அவித்த உருளைக்கிழங்கை மிக்ஸியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். இறுகிப்போனதற்குக் காரணம் வேறு. சூடு இறங்க இறங்க, மாவுச்சத்தின் இழைகள் மறுபடி நெருங்கிப் பின்னிக்கொண்டு, தாம் பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடுகின்றன. ஆறிய சோறு விறைப்பதும் இதனால்தான். மங்கூவில் இதை முற்றிலும் தடுக்க முடியாது. நீரையும் கொழுப்பையும் போதுமான அளவு சேர்த்துத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அதனால்தான் டொமினிக்கன் வீடுகளில் மங்கூவை மசித்த கையோடு தட்டில் போட்டுவிடுகிறார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில், மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் உள்ள வாஷிங்டன் ஹைட்ஸில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தேன். டொமினிக்கன் மக்கள் பெருந்திரளாக வாழும் பகுதி அது. காலையில் தெருவில் இறங்கினால், சிற்றுண்டிக் கடைகளிலிருந்து வெங்காயமும் வினிகரும் சேர்ந்து வதங்கும் வாசனை வந்துவிடும். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். வாழைக்குப் பேர்போன தென்மேற்கு மாவட்டமான பராஓனாவில் பிறந்தவர். அவருடைய அடுக்களையில் ‘கால்தேரோ’ என்று அவர்கள் சொல்லும் கனமான வார்ப்பு அலுமினியப் பாத்திரம் ஒன்றும், பற்கள் சற்றே வளைந்த ஒரு முள்கரண்டியும் இருந்தன. மங்கூவுக்கு அவர் பயன்படுத்திய கருவிகள் அவை இரண்டு மட்டுமே. வெந்த துண்டுகளைப் பாத்திரத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்து, முள்கரண்டியின் முதுகால் அழுத்தி இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்புவார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் ஒருநாளும் மங்கூவை ஆறவிட்டதும் இல்லை. அவரிடம் பார்த்துப் பழகிய முறையையே கீழே தருகிறேன்.

நான்கு பேருக்கு நான்கு பெரிய காய்கள் வேண்டும். தோலோடு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கலாம், தோல் நீக்கினால் 600 கிராம் அளவுக்குத் தேறும். காய் கரும்பச்சையாக, அழுத்தினால் அமுங்காததாக இருக்க வேண்டும். முனையில் மஞ்சள் ஓடத் தொடங்கியிருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதில் இனிப்புத் தட்டும். இரண்டு நுனிகளையும் வெட்டிவிட்டு, காயின் விளிம்புகளை ஒட்டித் தோலின் ஆழத்துக்கு மட்டும் நீளவாக்கில் கீறி, கட்டை விரலை உள்ளே நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் தோல் பட்டையாகக் கழன்று வரும். பழத்தை உரிப்பது போல மேலிருந்து கீழே இழுத்தால் வராது. கையில் எண்ணெய் தடவிக்கொள்வதோ, உப்பிட்ட நீருக்குள் வைத்து உரிப்பதோ உங்கள் விருப்பம். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது என்பதை நான் நாகர்கோவிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரித்ததும் காயை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் இரண்டாக வெட்டி, உடனே தண்ணீரில் போடுங்கள். காற்றுப் பட்டால் கறுக்கும். சிலர் நடுநரம்பை விதைத்தடத்தோடு கத்தியால் எடுத்துவிடுவார்கள். முற்றிய காயானால் எடுப்பது நல்லது, இளங்காய்க்குத் தேவையில்லை.

காய் மூழ்கி அதற்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும் அளவு தண்ணீரில், திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். வாழைக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மங்கூவைச் சாம்பல் நிறமாக்கிவிடும். குக்கரில் வைப்பது தவறில்லை என்றாலும், காய் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. இதில் பதம்தான் எல்லாம். கொதி வந்தபின் 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஏத்தங்காய் கெட்டியான காய் என்பதால் 30 நிமிடமும் பிடிக்கலாம். முள்கரண்டியால் குத்தித் தூக்கினால் துண்டு தானாக நழுவி விழ வேண்டும், அதுவே பதம். அந்த நேரத்தில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

இனி, நீங்கள் தவறவிட்ட இடத்துக்கு வருவோம். வடிப்பதற்கு முன்பு, வெந்த நீரில் ஒன்றரைக் கோப்பை எடுத்துத் தனியே வையுங்கள். அதில் உப்பும் இருக்கிறது, காயிலிருந்து இறங்கிய சத்தும் இருக்கிறது. வெறும் தண்ணீர் தராத ஒட்டுதலை அது தரும். காயைச் சூடாக இருக்கும்போதே, எதுவும் சேர்க்காமல் முதலில் மசியுங்கள். கட்டிகள் உடையும் வரை நீரைச் சேர்க்கக் கூடாது. முதலிலேயே சேர்த்துவிட்டால் கட்டிகள் நீருக்குள் நழுவி ஓடும், அகப்படமாட்டா. கட்டி உடைந்ததும் 50 கிராம் வெண்ணெயைச் சேர்த்துக் கலந்து, அதன்பிறகு வெந்த நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். ஒரு கோப்பை வரை தாராளமாகக் குடிக்கும். எப்போது நிறுத்துவது என்று கேட்டால், அடுப்பிலிருந்து இறக்கிய வெண்பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் விழுந்ததும் இறுகும் என்று தெரிந்து, கொஞ்சம் இளக்கமாகவே இறக்குகிறோம் அல்லவா? மங்கூவுக்கும் அதே கணக்குத்தான். ‘நீர் கூடிவிட்டதோ’ என்று மனம் தயங்கும் அந்தப் பதத்தில் நிறுத்தினால், தட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும்.

இதில் இரு கட்சிகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மசிக்கும்போது வெந்த நீருக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரைச் சேர்த்தால்தான் மங்கூ மிருதுவாக நிற்கும் என்று உறுதியாகச் சொல்லும் டொமினிக்கன் வீடுகள் பல. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். குளிர்ந்த நீரில் வழவழப்பு நன்றாக வருகிறது; ஆனால் சுவையில் ஏதோ ஒன்று குறைந்துவிடுகிறது, தட்டும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. நான் கீழ்வீட்டு அம்மாவின் கட்சியில்தான் இருக்கிறேன்.

காய் வேகும்போதே வெங்காயத்தைத் தயார் செய்துவிடலாம். இரண்டு பெரிய வெங்காயத்தை வளையங்களாக அரிந்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் வதக்குங்கள். பொன்னிறமாகக் கூடாது, வளைந்து கொடுத்தால் போதும். ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் ஊற்றியதும், மங்கியிருந்த வெங்காயம் கண் முன்னாலேயே ரோஜா நிறத்துக்குத் திரும்பும். சிவப்பு வெங்காயத்தின் நிறமி புளிப்புப் பட்டால் அப்படி மாறும். அந்த வெங்காயத்தை எண்ணெயோடு சேர்த்து மங்கூவின் மேல் ஊற்றுங்கள். இதை வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வாழைக்காய்க்கும் வெண்ணெய்க்கும் உள்ள கனத்தை அந்தப் புளிப்புத்தான் இறக்குகிறது. அது இல்லாமல் நான்கு வாய்க்கு மேல் சாப்பிட முடியாது.

கேள்வி: எங்கள் பகுதிச் சந்தையில் கறிக்கு விற்கும் மொந்தன் காய்தான் எப்போதும் கிடைக்கிறது. நேந்திரங்காய் அபூர்வம், விலையும் அதிகம். மொந்தனில் மங்கூ வருமா? கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வரும், ஆனால் வேறாக வரும். டொமினிக்கன் மக்கள் ‘ப்ளாத்தனோ’ என்று சொல்லும் காயும் நம்முடைய நேந்திரனும் நெருங்கிய உறவினர்கள். இரண்டும் தாவரவியலார் ‘ஏஏபி’ என்று குறிக்கும் தொகுதிக்குள், பிளான்டெய்ன் என்னும் ஒரே பிரிவில் அடங்குபவை. மொந்தன் ‘ஏபிபி’ தொகுதியைச் சேர்ந்தது. அதன் சதை வெளுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும், விரைவில் வெந்துவிடும், நேந்திரனுக்குள்ள அந்த லேசான மணம் இருக்காது. மொந்தனை 15 நிமிடத்திலேயே குத்திப் பாருங்கள். நீரையும் முக்கால் கோப்பையிலிருந்து தொடங்கி, பதம் பார்த்துக் கூட்டுங்கள். மிக்ஸியைத் தொடக் கூடாது என்ற விதி இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

மாற்றுக் காயில் செய்வதை ஒரு குறையாகவும் நினைக்க வேண்டாம். டொமினிக்கன் குடியரசிலேயே, பழமாகச் சாப்பிடும் வாழையின் பச்சைக் காயில் மங்கூ செய்வது வழக்கந்தான். ‘கினேயோ’ மங்கூ என்று அதற்குப் பெயரும் உண்டு. அது கூடுதல் மிருதுவாக இருக்கும் என்பதால் குழந்தைகளுக்குப் பிடிக்கும். நம் கடைகளில் ரொபஸ்டா என்று விற்கும் வாழையின் பச்சைக் காய் கிடைத்தால் அதிலும் செய்து பாருங்கள்.

தாளிப்பதைப் பற்றி என் மனத்தில் இருப்பதை நேராகச் சொல்கிறேன். கடுகும் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் சேர்ந்துவிட்டால் அது வாழைக்காய்ப் பொடிமாஸின் தங்கையாகிவிடும். பொடிமாஸ் எனக்கு மிகவும் பிடித்த கறி. அதைச் செய்யும் நாளில் அதையே செய்யுங்கள். டொமினிக்கன் சமையல் பொதுவாகக் காரமில்லாதது. உப்பு, வெண்ணெய், புளிப்பு ஆகிய மூன்றுக்கும் நடுவில் வாழைக்காயின் சொந்தச் சுவை தெரிய வேண்டும் என்பதே மங்கூவின் நோக்கம். காரமில்லாமல் நம் நாக்கு முதல் நாள் கொஞ்சம் தேடும். மூன்று முறையாவது உள்ளபடியே செய்து சாப்பிட்ட பிறகு, மிளகாய் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஒரு அமெரிக்கச் சிப்பாய் இதைச் சாப்பிட்டுவிட்டு, ‘மேன், குட்!’ என்று ஆங்கிலத்தில் பாராட்டியதுதான் ‘மங்கூ’ ஆனது என்று படித்தேன். உண்மையா? இந்த உணவு எங்கிருந்து வந்தது?
– ஒரு ஆசிரியர், மதுரை

பதில்: அமெரிக்கப் படைகள் 1916 முதல் 1924 வரை டொமினிக்கன் குடியரசை ஆக்கிரமித்து வைத்திருந்தன, அந்தக் காலத்தில்தான் இந்தப் பாராட்டு நிகழ்ந்ததாகக் கதை சொல்கிறார்கள். அந்தத் தீவிலேயே பலரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைதான். எனக்கு அது ஒப்புக்கொள்ள முடியாததாகவே இருக்கிறது. ஏழை வீட்டு அடுப்பில் தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் வெந்துகொண்டிருந்த ஓர் உணவு, தன்னை ஆக்கிரமிக்க வந்தவன் வாய் திறக்கும் வரை பெயரில்லாமல் காத்திருந்தது என்று நம்ப வேண்டுமானால், அதைச் சமைத்த பெண்களுக்கு வாயே இருக்கவில்லை என்றும் நம்ப வேண்டியிருக்கும். ஆப்பிரிக்க மொழிச் சொல் ஒன்றிலிருந்து இந்தப் பெயர் பிறந்தது என்பதே பரவலான கருத்து. உணவின் வரலாறும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

வாழை கரீபியத்துக்குச் சொந்தமான பயிர் இல்லை. தென்கிழக்கு ஆசியாவிலும் நியூகினிப் பகுதியிலும் தோன்றி, இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நெடுங்காலம் வேரூன்றிய பிறகே அது அட்லாண்டிக்கைக் கடந்தது. 1516இல் தொமாஸ் தே பெர்லாங்கா என்ற ஸ்பானியத் துறவி கேனரித் தீவுகளிலிருந்து வாழைக் கன்றுகளை, இன்றைய டொமினிக்கன் தலைநகரான சாந்தோ டொமிங்கோவுக்குக் கொண்டுவந்தார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியரான ஒவியேதோ எழுதி வைத்திருக்கிறார். அதே நூற்றாண்டில், அதே தீவின் கரும்பாலைகளில் உழைப்பதற்காக ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டார்கள். குறைந்த செலவில் நிறைய விளையும், வயிற்றை நிறைக்கும் என்ற கணக்கில் அவர்களுக்கு வாழை கொடுக்கப்பட்டது. ஆனால் வேகவைத்த கிழங்கையும் காயையும் மசித்தும் இடித்தும் களியாக்கி உண்ணும் கலை, அவர்கள் தங்கள் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூஃபூவைப் பார்த்தவர்களுக்கு மங்கூவின் முகச்சாயல் உடனே தெரியும். கியூபாவில் இதே வகை மசியலுக்கு இன்றும் ‘ஃபூஃபூ’ என்ற பெயரே நிலைத்திருக்கிறது. அண்டைத் தீவான போர்ட்டோ ரிகோவின் மொஃபோங்கோவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அங்கே காயை எண்ணெயில் பொரித்து, பூண்டும் மொறுமொறுப்பான பன்றித்தோலும் சேர்த்து மர உரலில் இடிக்கிறார்கள். மங்கூ நீரில் வெந்தது, அதனால் விடியற்காலை வயிற்றுக்கு இதமானது.

உங்களைப் போன்ற மொழியாசிரியர் ஒருவருக்குப் பிடிக்கக்கூடிய சொல் ஒன்றையும் இங்கே தருகிறேன். அயல்நாட்டிலிருந்து வந்து தங்கி, டொமினிக்கன் மக்களோடு மக்களாகிவிட்ட ஒருவரை அவர்கள் ‘அப்ளாத்தனாவ்’ என்று அழைப்பார்கள். ப்ளாத்தனோவிலிருந்து வந்த சொல். வாழைக்காய்த் தன்மை ஏறியவர் என்று பெயர்க்கலாம். கடல் கடந்து வந்த ஒரு காய், வந்தவர்கள் ஊரோடு ஒன்றிவிட்டார்கள் என்பதற்கே சொல்லைக் கொடுத்திருக்கிறது. கீழ்வீட்டு அம்மா ஒருமுறை என் மங்கூவை ருசி பார்த்துவிட்டு என்னை அந்தச் சொல்லால் அழைத்தார். அன்றைய மகிழ்ச்சி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கேள்வி: மங்கூவோடு பொரித்த முட்டை, பாலாடைக்கட்டி, சலாமி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பரிமாறுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் சைவம். எதைச் சேர்ப்பது?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அந்த மூன்றையும் சேர்த்து ‘லோஸ் த்ரெஸ் கோல்பெஸ்’, அதாவது ‘மூன்று அடிகள்’ என்பார்கள். மூன்றில் ஒன்றை நீங்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம். டொமினிக்கன் பொரிக்கும் பாலாடைக்கட்டி சூட்டில் உருகாது. நம் பனீரும் உருகாது. வேறுபாடு உப்பில்தான் இருக்கிறது. அவர்களுடைய கட்டி நன்றாக உப்பேறியது, பனீரிலோ உப்பே இல்லை. ஆகவே பனீரை விரல் கனத்துக்கு வில்லைகளாக அரிந்து, ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் 20 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, கொஞ்சம் எண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக வரும்வரை பொரியுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், கவனம். அந்த எண்ணெயிலேயே வெங்காயத்தை வதக்கினால் டொமினிக்கன் அடுக்களையின் வழக்கத்தைப் பின்பற்றியதாகவும் ஆகும். பொரித்த எண்ணெயை அவர்கள் வீணாக்குவதில்லை.

சலாமிக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் போலி இறைச்சியைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பழுத்த அவகாடோவைத் துண்டுகளாக்கி, உப்புத் தூவிப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் மங்கூவோடு அந்த மக்கள் விரும்பிச் சாப்பிடும் துணைதான். அது இருந்தால் வெண்ணெயைக்கூடப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வெண்ணெயே வேண்டாதவர்கள் ஆலிவ் எண்ணெய் சேர்க்கலாம். நெய் மட்டும் வேண்டாம். அதன் வாசனை வாழைக்காயை அமுக்கிவிடுகிறது.

கேள்வி: எனக்கு வயது 58, சர்க்கரை நோய் இருக்கிறது. பழுக்காத வாழைக்காய் என்பதால் மங்கூவைத் தாராளமாகச் சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பழுத்ததைவிடக் காயில் சர்க்கரை மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, அதுவும் உடலுக்குள் சர்க்கரையாகத்தான் மாறும். வேகவைத்த காய் 100 கிராமில் சுமார் 120 கலோரியும் 30 கிராம் அளவு மாவுச்சத்தும் இருக்கின்றன. அதாவது, சோற்றுக்கோ இட்லிக்கோ பதிலாக மங்கூ இருக்கலாம், அவற்றோடு கூடுதலாக இருக்கக் கூடாது. பாதிக் காய் அளவுக்கு மங்கூ, ஒரு முட்டை அல்லது பனீர், நிறைய வெங்காயம் என்று தட்டை அமைத்துக்கொண்டு, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் உடல் எப்படி ஏற்கிறது என்பதை அந்த எண் சொல்லும். அதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழைக்காயில் பொட்டாசியம் அதிகம்; வேகும்போது அதில் ஒரு பகுதி நீரில் இறங்கும். வெந்த நீரையே சேர்த்து மசியுங்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், மங்கூ சாப்பிடலாமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் அனுமதித்தாலும், வெந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு வெந்நீர் சேர்த்தே மசிக்க வேண்டும்.

கேள்வி: காலையில் செய்து, மதியம் அலுவலகத்தில் சாப்பிட டப்பாவில் கொண்டுபோகலாமா? மீந்ததை என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டப்பாவில் கட்டுவதற்கு ஏற்ற உணவு இது இல்லை. நான் பலமுறை முயன்று கைவிட்டேன். மதியம் திறந்தால் கத்தி வைத்து அறுக்கலாம் போல இருக்கும். விடுமுறை நாளின் காலைக்கோ, எல்லோரும் வீடு திரும்பிய இரவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். டொமினிக்கன் வீடுகளிலும் இரவுச் சாப்பாட்டுக்கு மங்கூ உண்டு. முந்தின இரவே காயை உரித்து, தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், காலையில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவே.

மீந்துபோனால், ஒரு கோப்பை மங்கூவுக்குக் கால் கோப்பை என்ற அளவில் கொதிக்கும் நீரை ஊற்றி, சிறு துண்டு வெண்ணெயும் போட்டு, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் மூடிவைத்து, இடையிடையே முள்கரண்டியால் உடைத்துவிடுங்கள். முதல்நாள் பதம் முழுவதும் திரும்பாது, ஆனால் சாப்பிடும்படி இளகும். எங்கள் வீட்டில் இப்போது வேறு வழி பழகிவிட்டது. இறுகிய மங்கூவை அடை கனத்துக்கு வட்டங்களாகத் தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகே திருப்பிப் போடுவோம். முன்னதாகத் திருப்பினால் உடைந்துவிடும். மேலே வைக்க வினிகர் வெங்காயம் மீந்திருக்காது. அதைப் புதிதாகத்தான் வதக்க வேண்டியிருக்கும்.